விருந்தாளிகள் சாப்பிட்ட ரொட்டி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் காட்டினால் எனக்குப் பார்க்கப் பிடிக்காது. என் வீட்டில் இது ஒரு பெரிய கேலி. காலமெல்லாம் பிள்ளைகளோடு மாரடித்தவளுக்கு அலுத்துப்போயிருக்கும் என்று மருமகள் சொல்கிறாள். அலுப்பெல்லாம் இல்லை. “நீங்கள் இயல்பாக இருங்கள், நாங்கள் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு எடுக்கிற படங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்தால் என் தொண்டையில் ஒரு ரொட்டி வந்து அடைக்கிறது. நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவேன்.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. பதுளைக் கடைவீதியில் எண்பத்து மூன்றாம் வருடக் கலவரத்தில் எரிந்த கடைகளை மறுபடியும் கட்டி முடித்து, புதுப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு புடவைக் கடை முதலாளி வீட்டு மாடியில் வாடகை அறையில் இருந்தேன். காலையில் லுணுகலை பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலை மலைகளுக்கு நடுவில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போவேன். சாதாரண தரப் பரீட்சை வரை வகுப்புகள் உண்டு. பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள்.

நானும் லயத்துப் பிள்ளைதான், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவள், வேறு தோட்டம். என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஆனால் கஞ்சி போட்ட சேலை கட்டி, கையில் குடையோடு பஸ்ஸில் உட்கார ஆரம்பித்த பிறகு அதை நானாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மறைத்ததும் இல்லை. யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

படமெடுக்கிறவர்கள் கொழும்பிலிருந்து ஒரு வேனில் வந்தார்கள். மலையகத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அன்றாட வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டப்போகிறார்களாம். நடிப்பு இல்லை, வசனம் இல்லை, பேட்டி இல்லை. ஒரு வாரம் எங்களோடு இருப்பார்கள், நாங்கள் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தாடி வைத்த இயக்குநர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்னார்.

“சுவத்துல பல்லி இருக்குதானே. அதையேவா பாத்துக்கிட்டு இருக்கீங்க? எங்களையும் அப்படி நெனச்சுக்குங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பல்லி சொன்னால் உட்கார்ந்து பலன் பார்க்கிற சனம் நாங்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதல் நாள் பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. எண்ணெய் வழிய வாரிய தலைகள், கழுத்து வரைக்கும் பவுடர். பெரிய வகுப்புப் பையன்கள் கேமராவைப் பார்க்காத மாதிரியே அதைப் பார்த்தார்கள். நான் மட்டும் என்ன யோக்கியமா, இருப்பதில் நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன். கணக்கு மாஸ்டர்கூட சவரம் செய்துகொண்டு வந்தார். அடுத்த நாள் பாதி மறந்துபோனோம். அதற்கடுத்த நாள் அந்த மனுசர் வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். பல்லி அதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

வந்தவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. டவுனில் ஹோட்டலில் எடுப்போம் என்றார் பள்ளிக்கூட அதிபர். பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் ஒத்துக்கொள்ளவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்குக் கடைச் சோறா, எங்கள் லயத்தில் அடுப்பு எரியவில்லையா என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பு என்று முடிவானது.

இது எங்கள் சனத்தின் சுபாவம். வீட்டில் அரிசி இல்லாத நாளில் விருந்தாளி வந்தாலும், பின்பக்கமாகப் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்குப் போய் ஒரு சுண்டு அரிசி, ஒரு முட்டை என்று கைமாற்றாக வாங்கி வந்து சமைத்துவிடுவார்கள். வீட்டுப் பிள்ளைகள் “நாங்க பொறகு சாப்புடுறோம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட வேண்டும். விருந்தாளி வாய் வைக்கும் முன் வீட்டு ஆள் வாய் வைக்கக் கூடாது. மிஞ்சினால் பிள்ளைக்கு. மிஞ்சாவிட்டால், பிறகு என்று சொன்னது சொன்னதுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன வயதில் நானே எத்தனையோ தடவை “பொறகு” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றவள்.

என் வகுப்பின் முறை வந்த அன்று, சாப்பாடு ஒரே வீட்டிலிருந்து வந்தது. என் வகுப்பில் படிப்பில் முதலாவதாக வரும் பிள்ளையின் வீடு அது. அடுத்த வருடம் சாதாரண தரம் எழுத வேண்டியவள். தகப்பன் இல்லை. அம்மா ஒருத்தி மலையில் கொழுந்து எடுத்து அவளையும் தம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வீடுகளில் பிரித்துக் கொடுக்கலாம் என்று நான் சொல்லி அனுப்பியதற்கு, வேண்டாம், நானே செய்கிறேன் என்று பதில் வந்தது. மகள் படிக்கிற இடத்துக்கு ஒரு தடவையாவது தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசை. வளர்த்த கோழியை அடித்து, பக்கத்து வீட்டில் பெரிய சட்டி இரவல் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். கோதுமை மாவில் துருவிய தேங்காய்ப் பூ போட்டுப் பிசைந்து சுட்ட ரொட்டி, ஒரு சம்பல். பிள்ளை தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். அலுவலக அறையில் வைக்கச் சொன்னேன். “எனக்கும் இதுலதான் டீச்சர் இருக்கு” என்றாள், போகிறபோக்கில்.

இதைக் கேட்டது என் காதுதான். பிறகு எத்தனையோ நாள், அதை நான் கேட்காமலே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன்.

அதிபருக்கு அன்று வெள்ளிக்கிழமை விரதம். விருந்தாளிகளைத் தனியே உட்கார வைத்தால் நன்றாக இருக்காது, நீங்களும் உட்காருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். படக்காரர்களும் அவர்களுடைய டிரைவரும் உட்கார்ந்தார்கள். பிள்ளை பரிமாறினாள். குழம்பைத் திறந்தவுடன் அறை முழுக்க என் அம்மாவின் காம்பரா வாசம் வந்துவிட்டது. டவுனில் வாடகை அறையில் கடைப் பாணும் பருப்பும் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த காலம் அது. சட்டியைப் பார்த்தேன், ரொட்டியைப் பார்த்தேன். இன்னும் ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது என்று கண்ணுக்கே தெரிந்தது.

“ஒனக்கு?” என்றேன்.

“நான் பொறகு சாப்புடுறேன் டீச்சர்.”

அந்தப் ‘பொறகு’ எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் உட்கார்ந்தேன். இன்னொன்று வைக்கட்டுமா என்று அவள் கேட்டபோது தட்டை நீட்டவும் செய்தேன். இயக்குநர், இப்படி ஒரு ரொட்டியைக் கொழும்பில் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது என்றார். நான் என் வீட்டுச் சமையலைப் பாராட்டிய மாதிரி பூரித்துப்போனேன்.

கேமராக்காரர் முதலில் சாப்பிட்டு முடித்து ஜன்னலோரம் போய் நின்றார். பிள்ளை காலிச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனாள். மலையிலிருந்து குழாய் வழியாக வந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர் அது. சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் ஏந்தித் தண்ணீர் குடித்தாள். நிறையக் குடித்தாள். பிறகு அங்கேயே கல்லில் உட்கார்ந்து, மற்றப் பிள்ளைகள் சாப்பிடுகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் கேமராவைத் தோளில் தூக்கியதை நான் பார்த்தேன். மலையை எடுக்கிறார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் நான் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

படம் ஒளிபரப்பாகப் பல மாதம் ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி வீட்டு முன்னறை நிரம்பிவிட்டது. அந்தத் தெருவில் அப்போது தொலைக்காட்சி இருந்த வீடுகள் கொஞ்சம்தான். மூங்கில் கம்பத்தில் கட்டிய அன்டெனாவைத் திருப்ப ஒருவர் கூரையில், ‘சரி, சரி, ஆடாதீங்க’ என்று கத்த ஒருவர் முற்றத்தில். பெண்கள் ஒரு பக்கம் பாயில் இருந்தோம். என்னைக் கதவுக்கு நேராக நல்ல இடத்தில் உட்கார வைத்தார்கள். நான் கதாநாயகி அல்லவா.

முதலில் சிரிப்புதான். கணக்கு மாஸ்டர் தூங்குவதைக் கண்டு முற்றமே அதிர்ந்தது. உங்கள் பள்ளிக்கூடத்தில் பாடமும் நடக்குமா டீச்சர் என்று கேட்டார்கள். பையன்கள் இரண்டு பேர் ஒரு பென்சிலுக்காகக் கட்டிப் புரண்டார்கள். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றேன். என் சேலை எப்படித் தெரிகிறது என்பதிலேயே என் கவனம் இருந்தது. முந்தானைக் கரை எடுப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் பீலி வந்தது. ஒரு வயலின் இழுக்க ஆரம்பித்தது. பிள்ளை தண்ணீரை ஏந்தி ஏந்திக் குடித்தாள். முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு கனத்த ஆண் குரல், “இந்த மாணவியின் மதிய உணவு, இந்த மலைநீர் மட்டுமே” என்றது.

முதலாளியின் மனைவி தலைச்சேலையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முற்றத்தில் அதுவரை கூத்தடித்த பையன்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். நானும் அழுதேன்.

இதைத்தான் என்னால் இன்றைக்கும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த ரொட்டியைத் தின்றவள் நான். அது எப்படிப் போனது, யார் வயிற்றுக்குப் போனது என்று அந்த அறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இருந்தும் அந்த வயலினுக்கும் அந்தக் குரலுக்கும் எனக்கு மளமளவென்று கண்ணீர் வந்தது. அந்தப் பெட்டிக்குள் இருந்தவள் என் வகுப்புப் பிள்ளை மாதிரியே தெரியவில்லை. யாரோ ஓர் ஏழைப் பிள்ளை. அவளுக்காக அழுவது சுகமாகக்கூட இருந்தது.

படம் முடிந்த பிறகுதான் புத்தி வந்தது. சொல்லத்தான் செய்தேன். அப்படி இல்லை, அந்தப் பிள்ளையின் அம்மா அன்றைக்குக் கோழிக்குழம்பு வைத்து அனுப்பினாள், அதை நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம், படமெடுத்தவர்களும் சாப்பிட்டார்கள் என்றேன். முதலாளியின் மனைவி பொறுமையாகக் கேட்டார். நல்ல மனுசி. எனக்குக் காய்ச்சல் வந்தால் மாடிப்படி ஏறிக் கஞ்சி கொண்டுவந்து தருகிறவர்.

“இருந்தாலும் பாவம்தானே டீச்சர்” என்றார். “அண்டைக்கி இல்லாட்டி இன்னொரு நாளைக்கி பசியோட இருந்திருக்கும்தானே.”

இருந்திருக்கும்தான். நானே இருந்திருக்கிறேன். அவர் என் முகத்தைப் பார்த்து, “ஒங்கட ஆக்கள்தானே” என்று சேர்த்துக்கொண்டார். நான் மேலே பேசவில்லை. அடுத்த நாள் காலை கடையிலிருந்து துணி வெட்டிக் கட்டி, பிஸ்கட் டின் ஒன்றும் வைத்து என் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, டிவியில் வந்த டீச்சர் என்று முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பொட்டலம் பொட்டலமாக வந்தது. பதுளையிலிருந்து, பண்டாரவளையிலிருந்து, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து. பழைய சட்டை, பால்மா, புதுச் செருப்பு. அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. காலைக் கூட்டத்தில் பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டு, எல்லார் பார்க்கவும் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் காலடியில் வைத்தாள். முதலாளி வீட்டுப் பொட்டலத்தை நான் கொடுத்தபோது மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கையைத் தட்டினேன், எல்லாரும் தட்டினார்கள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பொட்டலங்கள் மட்டும் திரும்பி வந்தன, ஒன்றும் பிரிக்காமல். கொண்டுவந்து வைத்தது பக்கத்துக் காம்பராப் பெண். அவள் சொல்லித்தான் விசயம் தெரிந்தது. பிள்ளை இனிப் பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாள், வயது போதும், அடுத்த மாதம் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியப்போகிறார்கள். பேர் பதிந்தால் முடிந்தது கதை. கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டவள் மறுபடி வகுப்புக்குத் திரும்பி வந்து நான் கண்டதில்லை.

சனிக்கிழமை லயத்துக்குப் போனேன். அந்த அம்மா மலையிலிருந்து அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஈரச் சாக்கும் தேயிலைச் சாயமும் கலந்த அந்த வாசமும் எனக்குப் பழக்கமானதுதான். என்னைக் கண்டதும் திகைக்கவில்லை. “வாங்க டீச்சர், உக்காருங்க” என்று சொல்லிவிட்டு நேராக அடுப்புக்குப் போனாள். வேண்டாம் அக்கா, சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

நான் சோதனை, எதிர்காலம், கெட்டிக்காரப் பிள்ளை என்றெல்லாம் பேசினேன். வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினேன் போலிருக்கிறது. அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். பிறகு நடந்ததைச் சொன்னாள். லயத்தில் கரன்ட் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் வீட்டில் லொறி பேட்டரியில் ஓட்டுகிற சின்ன டிவி ஒன்று. அதைத் தூக்கி வாசலில் வைத்து லயமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. நம்ம பிள்ளை, நம்ம பிள்ளை என்று ஒரே கொண்டாட்டம். பீலி வந்ததும் அத்தனை தலையும் இந்த அம்மாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. பிள்ளைக்குச் சோறு கட்டாமலா அனுப்பினாய் என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். அப்படிக் கேட்டவள் வேறு யாருமில்லை, கோழிக்குழம்பு வைக்கப் பெரிய சட்டியை இரவல் கொடுத்தவள்.

“சட்டி குடுத்தவளுக்கே மறந்துபோச்சு டீச்சர். படத்துல வந்துருச்சுல்ல, அப்ப அதான் உண்மைன்னுட்டாங்க.”

ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

“அன்னைக்கு எம்மவ பங்க யாரு சாப்புட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அவ சொன்னா. அதுல எனக்குக் கோவமில்ல. நீங்க சாப்புட்டீங்கன்னதும் எனக்கு சந்தோசந்தான் வந்துச்சு. ஆனா சாப்புட்ட வாயால சாப்புட்டோம்னு ஒரு வார்த்த வரலியே டீச்சர். துணிய கொண்டாந்து குடுக்கிறீங்க.”

டவுனில் சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது. முதலாளி வீட்டு முன்னறையில் சொல்லி, அவர்கள் பாவம் என்றதும் அடங்கிப்போனதை எப்படிச் சொல்வது? இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டேன். அவள் யோசித்து வைத்திருந்தாள் போல.

“திங்கக்கெழம காலையில பெரட்டுக்கு வாங்க. எல்லாரும் நிப்பாங்க. இவ பங்க நான்தான் சாப்புட்டேன், இவ அம்மா குடுத்துதான் அனுப்புனான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. கொழும்புக்காரங்க சாப்புட்டாங்கன்னு நான் சொன்னா கத கட்டுறான்னுவாங்க. டீச்சரு சாப்புட்டத டீச்சரே சொன்னா யாரு மறுத்துப் பேசுவா? சொல்லுங்க, புள்ளைய அன்னைக்கே அனுப்புறேன்.”

சரி என்றேன். அந்த ரொட்டியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். வேண்டாம் என்று எழுந்தால் அது அதைவிடப் பெரிய குற்றம்.

பெரட்டு என்பது காலையில் தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடி வேலை பிரித்துக்கொள்ளும் களம். என் அம்மா மழையிலும் பனியிலும் அங்கே நின்று பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறியவள். நீ ஒரு நாளும் பெரட்டில் நிற்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அந்த நேரத்துக்குப் பதுளையிலிருந்து பஸ் இல்லை என்பதால், ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த சக டீச்சர் ஒருத்தியின் குவார்ட்டர்ஸில் தங்கினேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு வாக்கியம்தான்.

பனி இன்னும் கலையவில்லை. பெண்கள் கூடையும் படங்குமாக நின்றார்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை என்னைக் கண்டு தொப்பியைக் கழற்றினார். வந்த காரணத்தை அந்த அம்மா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்ததால், டீச்சர் ஏதோ பேச வேண்டுமாம் என்று எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். அத்தனை கண்ணும் என் மேல். அந்தக் கண்களில் இருந்தது மரியாதை. நான் அவர்களில் ஒருத்தியின் மகள் என்று ஒருவருக்கும் தெரியாது. டீச்சர், டிவியில் வந்த டீச்சர், நம்மைத் தேடி விடியக்காலையில் பெரட்டுக்கு வந்திருக்கிற டீச்சர். அந்த அம்மா வரிசையில் இரண்டாவதாக நின்றாள். பக்கத்தில் வெள்ளை யூனிபோர்மோடு பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாகவே கூட்டிவந்திருந்தாள்.

“படத்துல காட்டினது உண்மை இல்ல” என்றேன். “அன்னைக்கு இந்த அம்மா கோழிக்குழம்பும் ரொட்டியும் குடுத்துதான் அனுப்புனாங்க. படம் எடுக்க வந்தவங்க எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்க. அதுதான் பிள்ளை தண்ணி குடிச்சா.”

சனம் கொதித்துப்போனது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்த பயல்கள் என்று ஒரு கிழவர் ஏசினார். சட்டி கொடுத்தவள், ஆமாம், என் சட்டியில்தான் ஆக்கினாள் என்று எல்லாருக்கும் முன்னால் ஞாபகப்படுத்திக்கொண்டாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி தோளைத் தட்டினாள். காரியம் ஆகிவிட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது என்று காத்திருந்தாள்.

“முடிஞ்சுதுங்களா டீச்சர்?” என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

“ஆமாங்க” என்றேன்.

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு மலையைப் பார்த்து நடந்தாள். போகும்போது மகளின் முதுகில் கையை வைத்து என் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டுப் போனாள். நான் பாதிதான் சொன்னேன். அவள் கொடுத்த வாக்கை முழுசாகக் காப்பாற்றினாள்.

பிள்ளை சோதனை எழுதினாள், நன்றாகத் தேறினாள், ஆஸ்பத்திரித் தாதியானாள். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் போகமாட்டாள். அவளை நான்தான் மீட்டுக் கொண்டுவந்தேன் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்தால் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்தத் திங்கட்கிழமை மத்தியானம்தான். மணி அடித்து, பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் ஒரு துணிப் பொட்டலத்தோடு என் மேசைக்கு வந்தாள். உள்ளே வாழையிலையில் தனித்தனியாகச் சுற்றிய இரண்டு கட்டு.

“அம்மா ஒங்களுக்கும் சேத்துக் கட்டிக் குடுத்தாங்க டீச்சர்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. டீச்சரோட உக்காந்து சாப்புடுன்னாங்க.”

பெரட்டுக்குப் போவதற்கு முன்பே, விடியாத இருட்டில் சுட்ட ரொட்டி. நான் என்ன சொல்லப்போகிறேன், என்ன சொல்லாமல் விடப்போகிறேன் என்று தெரியும் முன்னாலேயே கட்டி வைத்தது. எதிர் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் தன் இலையைப் பிரித்து வைத்துக்கொண்டாள். காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டாள், முகத்தில் தெரிந்தது. சாப்பிடு என்றேன்.

“நீங்க மொதல்ல சாப்புடுங்க டீச்சர்” என்றாள்.

லயத்தில் வீட்டு ஆட்கள் ஒருவருக்காக ஒருவர் இப்படிக் காத்திருப்பதில்லை. விருந்தாளிக்காகத்தான் காத்திருப்பார்கள். நானும் லயத்துப் பிள்ளைதான் என்று அந்த நேரத்தில் அவளிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பசியோடு அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியைப் பிட்டேன்.